புகைமூட்டமும் நம் பிழைப்பும்

மலாக்கா மாநிலத் தோட்ட, நகர மக்களுக்கான சுகாதாரப் பாடம்

“புகைமூட்டமாக இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே இருங்கள்” என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். ஆனால் நாள் கூலிக்கும் எடைக் கூலிக்கும் வேலை செய்பவர்கள் அதைக் கேட்டதும், “வீட்டுக்குள் இருந்தால் சம்பளம் யார் கொடுப்பார்?” என்றுதான் நினைக்கிறார்கள். இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

நுரையீரலைக் காப்பதா, அன்றைய கூலியைக் காப்பதா என்ற நிலைக்கு யாரும் தள்ளப்படக்கூடாது. எந்த நாளில் எந்த வேலையைச் செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும், எப்போது கிளினிக்கிற்குப் போக வேண்டும், சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது ஆகியவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் இரண்டையும் பெருமளவு காப்பாற்றிக் கொள்ளலாம்.

இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். முடிந்தால் தோட்டத்து மண்டபத்திலோ, கோயில் வளாகத்திலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். கலந்து பேசுவதற்கான கேள்விகள் இறுதியில் உள்ளன.

1. இந்தப் புகை எங்கிருந்து வருகிறது?

மலாக்காவுக்கு நேர் எதிரே, நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் ரியாவ் மாநிலம் இருக்கிறது. மலாக்காத் துறையில் படகு ஏறினால் சில மணி நேரத்தில் டுமாய் நகரை அடைந்துவிடலாம். அவ்வளவு அருகில் எரியும் தீயின் புகைக்கு நம்மிடம் வந்து சேர அதிக நேரம் தேவையில்லை.

அங்கே பெரும்பரப்பில் இருப்பது ‘காம்புட்’ எனப்படும் கரிமண் சதுப்பு நிலம். பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிய இலை, வேர், மரம் எல்லாம் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நீர் நிறைந்திருக்கும்வரை அது எரியாது. பயிரிடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் காய்ந்து அடுப்புக்கரி போல ஆகிவிடும். அதில் பற்றிய தீ மேலே அணைந்ததுபோல் தெரிந்தாலும் மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயைவிட இப்படிக் கனலும் தீ மிக அதிகமான புகையைக் கக்குகிறது.

ஏறத்தாழ மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். இது வறண்ட காலம். காற்று சுமத்ராவிலிருந்து நம் பக்கம் திரும்பியிருப்பதால் ஜூன் முதல் அக்டோபர் வரை நாம் விழிப்பாக இருக்க வேண்டும். எல் நினோ ஏற்படும் ஆண்டுகளில் வறட்சி கடுமையாகிப் புகைமூட்டமும் நீடிக்கும். 1997லும் 2015லும் அப்படித்தான் நடந்தது. 1997 செப்டம்பரில் சரவாக்கின் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. அங்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

எல்லாப் புகையும் கடல் கடந்து வருவதில்லை. நம் பக்கத்தில் குப்பை, காய்ந்த மட்டை, புல் ஆகியவற்றைக் கொளுத்துவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றமாகும்.

2. 2013 ஜூன்: நமக்கு அருகில் நடந்தது

2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை மலாக்காவில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ரியாவில் தீ பரவியிருந்த அந்த நாட்களில், ஜூன் 23ஆம் தேதி காலை 7 மணிக்கு மூவாரில் குறியீடு 746 எனப் பதிவாகியது. மூவார், லேடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இன்று தங்காக் என்று அழைக்கப்படும் அந்த லேடாங் மாவட்டம் நம் ஜாசின் மாவட்டத்தை ஒட்டியே இருக்கிறது. மலாக்காவிலும் காற்று அபாய அளவை எட்டியது. பள்ளிகள் மூடப்பட்டன.

காலை 7 மணி என்பதைக் கவனியுங்கள். நகரத்தில் பலர் அப்போதுதான் எழுந்து சன்னலைத் திறக்கிறார்கள். பால்மரக் காட்டில் அதற்குள் பாதி வெட்டு முடிந்திருக்கும். செம்பனைத் தோட்டத்தில் பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்குள் இறங்கியிருப்பார்கள். புகைமூட்டம் பற்றிய செய்தி வீட்டுக்கு வரும் முன்னரே தோட்டத் தொழிலாளி அதைச் சுவாசித்து முடித்துவிடுகிறார்.

2015இல் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மலாக்கா உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மூடப்பட்டன. 2019 செப்டம்பரிலும் நாட்டில் புகைமூட்டம் கடுமையாக இருந்தது. ஆகவே இது என்றோ ஒருமுறை வரும் விருந்தாளி அல்ல. மழைக்காலத்துக்குக் குடை எடுத்து வைப்பதுபோல இதற்கும் நாம் தயாராக இருக்க வேண்டும்.

3. புகை உடலுக்குள் என்ன செய்கிறது?

கண்ணுக்குத் தெரியும் சாம்பலை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். பெரிய தீங்கு செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே. பி.எம். 2.5 எனப்படும் இவை தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். இவை நுரையீரலின் அடி வரை சென்று தங்குகின்றன, இரத்தத்திலும் கலக்கின்றன. அதனால் கண் எரிச்சல், தொண்டை வலி, இருமல் ஆகியவற்றோடு நின்றுவிடுவதில்லை. ஆஸ்துமா கிளம்புகிறது, நாட்பட்ட நுரையீரல் நோய் மோசமாகிறது, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது.

ஒரே காற்று எல்லாருக்கும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். கடும் உடலுழைப்பில் இருப்பவர் 40 லிட்டருக்கும் மேல் சுவாசிக்கிறார். நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளால் குலை அறுப்பவரும், அறுத்த குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுபவரும், அலுவலக நாற்காலியில் இருப்பவரைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் புகையை உள்ளே இழுக்கிறார்கள். களைத்தவர் வாயால் மூச்சு விடுவதால் மூக்கு வடிகட்டும் பயனும் கிடைப்பதில்லை.

4. புகை பிழைப்பை எப்படித் தொடுகிறது?

பால்மரம்: மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் பயிரிடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். அன்று முதல் இன்று வரை பால்மரம் வெட்டும் நேரம் மாறவில்லை. வெயில் ஏறும் முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும். பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே வெட்டத் தொடங்குகிறார்கள். ஆனால் இரவிலும் விடியற்காலையிலும் தரையோரக் காற்று அசைவற்றுக் குளிர்ந்து கிடப்பதால் புகையும் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறியபின் காற்று மேலெழும்பிக் கலக்கும்போதுதான் ஓரளவு தணிகிறது. பால் நன்றாக ஓடும் நேரமும் புகை கனத்து நிற்கும் நேரமும் ஒன்றாகிவிடுவதுதான் பால்மரத் தொழிலாளியின் நெருக்கடி.

இன்னொன்றும் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. ஆண்டிறுதியில் மழை வந்தால் வெட்டு நின்றுபோகிறது. இடையில் கிடைக்கும் நல்ல மாதங்களில் சேர்ப்பதுதான் குடும்பத்துக்குக் கைகொடுக்கும். புகைமூட்டம் வருவது அந்த மாதங்களில்தான்.

செம்பனை: குலை அறுப்பு, உதிரிப் பழம் பொறுக்குதல், மருந்தடித்தல், உரம் போடுதல் எல்லாமே திறந்தவெளி வேலைகள். அடர்ந்த புகை சூரிய ஒளியை மறைப்பதால் மரம் உணவு தயாரிப்பதும் குறைகிறது. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டுதான் நம் நாட்டுச் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கிறது. கடும் புகையில் அதன் நடமாட்டமும் குறையக்கூடும். பூவிலிருந்து பழுத்த குலை வர ஐந்து ஆறு மாதங்கள் ஆகும். எனவே இன்றைய புகையின் பாதிப்பு சில மாதங்கள் கழித்து எடைக் கூலியில் தெரியலாம்.

நகரம்: தோட்டத்தை விட்டு நகரங்களுக்கு வந்தவர்களில் பலர் பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர், லாரி ஓட்டுநர், உணவு விநியோகிப்பவர், கட்டுமானத் தொழிலாளி, பூக்கடைக்காரர், பலகாரக் கடைக்காரர் என்று வேலை செய்கிறார்கள். இவர்களும் வெளிக்காற்றிலேயே இருக்கிறார்கள். புகை நாளில் இரவுச் சந்தைக்குக் கூட்டம் வராது. கட்டிய பூ வாடிப்போகும். செய்து வைத்த வடையும் பலகாரமும் மிஞ்சிப்போகும். மலாக்கா மாநகரம் 2008இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது முதல் சுற்றுப்பயணிகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. வானம் வெளுத்துக் கிடக்கும் வாரங்களில் சுற்றுப்பயணிகள் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

வீடு: பள்ளி மூடப்பட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தாயாகத்தான் இருக்கிறது. பள்ளியில் கிடைக்கும் காலை உணவும் அன்று இல்லை. அதோடு மருந்துச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்கின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். புகையினால் ஐந்து நாள் சம்பளம் போனால் 326 ரிங்கிட் 90 சென் இழப்பு. ஒரு குடும்பத்தின் பல வார மளிகைச் செலவு அதில் அடங்கிவிடும். இதனால்தான் இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போய் நிமோனியாவோ கடும் ஆஸ்துமாவோ வந்து பத்து நாள் மருத்துவமனையில் படுத்தால் இழப்பு இன்னும் பெரிதாகிறது.

5. குறியீட்டைப் படிப்பது எப்படி?

ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறை மணிக்கொருமுறை வெளியிடுகிறது. மலாக்காவில் புக்கிட் ரம்பாய், மலாக்கா மாநகரம், அலோர் காஜா ஆகிய இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. உங்கள் வீட்டுக்கு எது அருகிலோ அதைப் பாருங்கள். ஜாசின், ஆசகான் பக்கம் இருப்பவர்கள் தங்காக் நிலவரத்தையும் பார்ப்பது நல்லது. கைத்தொலைபேசியில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

0 முதல் 50 வரை: நல்ல காற்று. வழக்கமான வேலை செய்யலாம்.

51 முதல் 100 வரை: மிதமான நிலை. ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் மருந்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

101 முதல் 200 வரை: ஆரோக்கியமற்ற நிலை. நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோர் கடும் வெளிவேலையைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் என்95 முகக்கவரி அணிந்து, அடிக்கடி ஓய்வெடுத்து வேலை செய்யுங்கள். பிள்ளைகள் வெளியில் விளையாட வேண்டாம்.

201 முதல் 300 வரை: மிகவும் ஆரோக்கியமற்ற நிலை. தள்ளிப்போடக்கூடிய வெளிவேலை எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். கூரைக்குக் கீழே செய்யும் வேலை கேளுங்கள். பள்ளி மூடப்படும் நிலை இது.

300க்கு மேல்: அபாய நிலை. வெளிவேலை வேண்டாம். கதவு சன்னல்களைச் சாத்தி வீட்டுக்குள் இருங்கள். அதிகாரிகளின் அறிவிப்பைக் கவனித்துக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. திடீரென்று புகை அடர்ந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே எண்ணோடு கண்ணையும் பயன்படுத்துங்கள். தெளிவான நாளில் உங்கள் வாசலிலிருந்து தெரியும் ஒரு தூர அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆசகான் பக்கத்தில் அது லேடாங் மலையாக இருக்கலாம். நகரத்தில் ஓர் உயரமான கட்டடமாகவோ தண்ணீர்த் தொட்டியாகவோ இருக்கலாம். அந்த அடையாளம் மங்கி, கரிவாடையும் வந்தால் எண் சிறியதாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

6. வேலையை மாற்றி அமைப்பது

புகைமூட்ட வாரத்தில் எல்லா வேலையையும் நிறுத்துவது முடியாத காரியம். எதை எப்போது செய்வது என்று மாற்றலாம். இதைத் தண்டல், கிராணி, நிர்வாகி ஆகியோரோடு பருவம் தொடங்கும் முன்னரே பேசி வையுங்கள்.

• விடியற்காலையில் புகை அடர்ந்திருந்தால் வெட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். பால் கொஞ்சம் குறையும். முழு நாளும் போவதைவிட அது மேல்.

• மருந்தடித்தல், உரம் போடுதல், மட்டை வெட்டி அடுக்குதல் போன்று சில நாள் காத்திருக்கக்கூடிய வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். பழுத்த குலை காத்திருக்காது. எனவே தெளிவான நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

• கருவி தீட்டுதல், பொருளறைச் சுத்தம், கணக்கெடுப்பு போன்ற கூரைக்குக் கீழ்ப்பட்ட வேலைகளை இந்த நாட்களுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றை முதலில் கொடுங்கள்.

• கடும் வேலையில் ஒருவரே தொடர்ந்து இருக்க வேண்டாம். அறுப்பவரும் வண்டி தள்ளுபவரும் முறை மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கொருமுறை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

• கடைக்காரர்கள் குறியீடு ஏறும் நாளில் செய்யும் அளவைக் குறைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்டர்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். பலகாரத்தையும் பழத்தையும் மூடி வையுங்கள்.

• மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பகலிலும் விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். புகையில் எதிரே வரும் லாரி தாமதமாகத்தான் தெரியும். கடலுக்குப் போகும் சிறு படகுகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

7. முகக்கவரி: எது பயன்படும்?

கைக்குட்டை, துண்டு, ஈரத்துணி ஆகியவை நுண்துகளைத் தடுப்பதில்லை. சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவரி ஓரளவே உதவும். ஓரங்களில் காற்று புகுந்துவிடும். என்95 முகக்கவரி சரியாகப் பொருந்தினால் நுண்துகளில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும்.

பொருந்துவதுதான் முக்கியம். இரண்டு வாரையும் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, கைகளால் மூடிக்கொண்டு வேகமாக ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. வியர்வையில் நனைந்தாலும் அழுக்காகி மூச்சு விடச் சிரமமானாலும் புதியதை மாற்றுங்கள். துவைத்துப் பயன்படுத்தக்கூடாது. இதை அணிந்து கடும் வேலை செய்தால் மூச்சு வாங்கும்; தலைசுற்றினால் உடனே நிழலுக்குப் போய்க் கழற்றுங்கள். இருதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின் அணியுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களை உள்ளே வைத்திருப்பதே பாதுகாப்பு.

8. நோய் விடுப்பும் உங்கள் உரிமையும்

“ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு” என்று நினைத்து இருமலோடு காட்டுக்குள் போகிறவர்கள் பலர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மருத்துவரின் சான்றிதழ் இருந்தால் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு.

இதில் தவறவிடக்கூடாத ஒன்று: விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படலாம். எம்.சி. தாளைப் படமெடுத்துத் தண்டலுக்கோ அலுவலகத்துக்கோ அன்றே அனுப்பிவிடுங்கள். மூலத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

எடைக்கும் அளவுக்கும் கூலி வாங்குபவர்களுக்கும் குறைந்தபட்சச் சம்பள ஆணை பொருந்தும். சம்பளத் தாளை மாதந்தோறும் வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சங்க உறுப்பினர்கள் சங்கத்தின் வழியாகக் கேட்கலாம்.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தம் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவருக்குப் பாதகம் செய்யக்கூடாது. மெல்லிய புகை உள்ள ஒவ்வொரு நாளும் உடனடி ஆபத்து ஆகாது. குறியீடு அபாய அளவில் இருக்கும்போது, அல்லது மூச்சுத் திணறும்போது, முதலில் தண்டலிடம் சொல்லுங்கள்; நேரத்தையும் குறியீட்டு எண்ணையும் குறித்து வையுங்கள். நிதானமாகவும் தெளிவாகவும் பேசுவதே பலன் தரும்.

9. யாரை முதலில் கவனிக்க வேண்டும்?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரைப் புகை அதிகமாகத் தாக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியரில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. “எனக்குச் சீனி மட்டும்தானே, நுரையீரல் நன்றாகத்தானே இருக்கிறது” என்று எண்ண வேண்டாம். நீரிழிவு இருதயத்தையும் இரத்தக் குழாயையும் ஏற்கெனவே பலவீனப்படுத்தியிருக்கும். புகை அதன்மேல் சுமை ஏற்றுகிறது. மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களிடம் இரண்டு வகைப் பம்ப் இருக்கலாம். ஒன்று மூச்சுத் திணறும்போது அடிப்பது. பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். மற்றொன்று தினமும் அடித்து வரவேண்டிய தடுப்புப் பம்ப். மூச்சு நன்றாக இருக்கிறது என்று தடுப்புப் பம்பை நிறுத்திவிடுவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. புகைமூட்டப் பருவத்துக்கு முன்னரே கிளினிக்கிற்குச் சென்று மருந்து தீரவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

10. வீட்டுக்குள் காற்றைக் காப்பது

பழைய தோட்ட வீடுகளில் பலகை இடுக்கும் கூரை இடைவெளியும் இருக்கும். வீடு முழுவதையும் அடைக்க முடியாது. ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து அதன் இடுக்குகளை மட்டும் துணியாலும் ஒட்டுநாடாவாலும் அடையுங்கள். பிள்ளைகளும் முதியோரும் அங்கே படுக்கட்டும். புழுக்கம் தாங்க முடியாமல் போனால், புகை தணிந்த நேரத்தில் சன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள்.

உள்ளேயே புகை உண்டாக்காதீர்கள். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட், விறகடுப்பு ஆகிய எல்லாம் அந்தச் சிறு அறையைப் புகைக்கூடாக்கிவிடும். அந்த நாட்களில் சாமிக்கு விளக்கும் பூவும் போதும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். வேலையிலிருந்து வந்ததும் முகம், கை, கண் கழுவி, உடையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெளியே காயவைத்த துணியையும் கிணற்று, தொட்டித் தண்ணீரையும் மூடிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

11. பருவத்துக்கு முன் தயாராவது

ஜனவரியிலிருந்து மே வரை வாரம் 5 ரிங்கிட் எடுத்து வைத்தால் ஏறத்தாழ 100 ரிங்கிட் சேரும். வீட்டில் ஒரு டின்னில் ‘புகைமூட்டப் பணம்’ என்று எழுதி வையுங்கள். அதில் என்95 முகக்கவரிகள் வாங்கலாம். மீதி, கிளினிக்கிற்குப் போகும் செலவுக்கும் சம்பளம் குறையும் வாரத்தின் அரிசிக்கும் உதவும். கூடவே இவற்றையும் தயார் செய்யுங்கள்:

• குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்ற பட்டியல்.
• ஒரு மாதத்துக்கான மருந்து கையிருப்பு.
• பள்ளி மூடினால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற ஏற்பாடு. மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால் எல்லாரும் வேலை இழக்க வேண்டியதில்லை.
• தனியாக இருக்கும் முதியோரைத் தினமும் யார் எட்டிப் பார்ப்பது என்ற ஏற்பாடு.

12. உடனே உதவி தேட வேண்டிய அறிகுறிகள்

இருமல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், சளியோடு காய்ச்சல் வந்தால், வழக்கத்தைவிட அதிகமாகப் பம்ப் தேவைப்பட்டால், கிளினிக்கிற்குப் போங்கள்.

நீலப் பம்ப் அடித்தும் மூச்சுத் திணறல் அடங்காவிட்டால், ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலமானால், பிள்ளையின் விலா எலும்புக்கிடையே தோல் உள்வாங்கினால், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்ந்தால், காத்திருக்க வேண்டாம். 999ஐ அழையுங்கள், அல்லது மலாக்கா, ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளில் அருகிலுள்ளதற்கு விரையுங்கள். தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தேடி அலையாதபடி, முதன்மைச் சாலைச் சந்திப்பில் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

13. கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டிலிருந்து தெரியும் எந்தத் தூர அடையாளத்தைப் புகையை அளக்கப் பயன்படுத்தலாம்?
2. உங்கள் வேலையில் எதை மூன்று நாள் தள்ளிப்போடலாம்? எதைத் தள்ளிப்போட முடியாது?
3. கடைசியாக உடம்பு சரியில்லாதபோது எம்.சி. எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் ஏன்?
4. பள்ளி மூன்று நாள் மூடப்பட்டால் உங்கள் லயத்திலோ தாமானிலோ பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?
5. உங்கள் வீட்டில் புகை உண்டாக்கும் பழக்கங்களில் எதை அந்த வாரங்களில் நிறுத்தலாம்?

தீ அணைவதும் காற்று திரும்புவதும் நம் கையில் இல்லை. தென்கிழக்காசிய நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றிய உடன்படிக்கையில் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா 2014இல் அதை ஏற்று உறுதிசெய்தது. அந்த முயற்சிகள் தொடர்கின்றன. அதுவரை நம் கையில் இருப்பவற்றை நாம் செய்வோம். காலையில் எண்ணைப் பாருங்கள், முகக்கவரியைச் சரியாகப் போடுங்கள், இருமல் வந்தால் மறைக்காமல் கிளினிக்கிற்கு வாருங்கள். நாளையும் மறுநாளும் வேலைக்குப் போக மூச்சு வேண்டும்.